வாப்பாவுக்கு வென்டிலேட்டர் போடலாமா என்று டாக்டர் கேட்பதற்கு முன்னால்

இந்த விஷயத்தை ராத்திரி இரண்டு மணிக்கு, மதுரையில் ஐசியூ வாசலில், கையில் ஒரு சம்மதப் படிவத்தை வைத்துக்கொண்டு யோசிக்கக் கூடாது. நாங்கள் அப்படித்தான் யோசித்தோம். வாப்பாவுக்குக் கல்லீரலில் புற்றுநோய், நுரையீரலுக்கும் பரவியிருந்தது. மூச்சு வாங்க ஆரம்பித்ததும் கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம், அங்கிருந்து நேராக மதுரை. டியூட்டி டாக்டர் வந்து "டியூப் போடணும், கையெழுத்துப் போடுங்க" என்றார். துபாயிலிருந்த காக்கா (அண்ணன்) வாட்ஸ்அப்பில், "எவ்வளவு செலவானாலும் பார்த்துக்கலாம், போடச் சொல்லு" என்றார். போட்டோம். பத்தொன்பது நாள். அத்தனை நாளும் வாப்பா ஒரு வார்த்தை பேசவில்லை, தொண்டைக்குள் குழாய் இருக்கும்போது எப்படிப் பேச முடியும்? பார்வையாளர் நேரத்தில் ஆளுக்குப் பத்து நிமிஷம் போய் நின்றுவிட்டு வருவோம். மவுத்தாகும்போது (இறக்கும்போது) பக்கத்தில் எங்களில் ஒருவரும் இல்லை.

நான்கு வருஷம் கழித்து உம்மா. அவர்கள் வீட்டில், தன் கட்டிலில் போனார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஆலிம்சாக்களிடமும் (மார்க்க அறிஞர்களிடமும்) டாக்டர்களிடமும் கேட்டுக் கேட்டு நான் தெரிந்துகொண்டதைத்தான் கீழே எழுதுகிறேன். நான் ஆலிமும் இல்லை, டாக்டரும் இல்லை. இதை ஃபத்வாவாக (மார்க்கத் தீர்ப்பாக) எடுத்துக்கொள்ளாமல், உங்கள் பள்ளி ஹஜ்ரத்திடம் என்ன கேட்க வேண்டும், டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்கான கையேடாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: நான்கு காரியங்களைப் பிரித்துவையுங்கள்

நம் ஆட்கள் எல்லாவற்றையும் கருணைக்கொலை என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். ஊசி போட்டு உயிரை எடுப்பது ஒன்று. நோயாளியே மருந்து கேட்டு வாங்கித் தன்னை முடித்துக்கொள்வது இன்னொன்று. பலன் இல்லாத சிகிச்சையைத் தொடங்காமல் விடுவதோ, தொடங்கியதை நிறுத்துவதோ மூன்றாவது. வலிக்கு மருந்து கொடுப்பது நான்காவது.

முதல் இரண்டைப் பற்றிப் பேச ஒன்றுமே இல்லை, ஹராம். "உங்களை நீங்களே கொன்றுவிடாதீர்கள்" என்று குர்ஆன் 4:29 சொல்கிறது, ஓர் உயிரைக் கொல்வது மனித குலத்தையே கொல்வது போல என்று 5:32 சொல்கிறது. காயத்தின் வேதனை தாங்காமல் கத்தியால் கையை அறுத்துக்கொண்டு ரத்தம் போய் இறந்த ஒருவரைப் பற்றிய ஹதீஸ் புகாரியில் இருக்கிறது, "என் அடியான் அவசரப்பட்டுவிட்டான்" என்று அல்லாஹ் சொன்னதாக. வேதனை உண்மையானதுதான், ஆனாலும் அனுமதி இல்லை. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக இருக்கிற எந்த நாட்டிலும் இதை அனுமதிக்கும் சட்டம் கிடையாது. இந்தியச் சட்டத்திலும் ஊசி போட்டுக் கொல்வது குற்றம்தான், யார் கேட்டுக்கொண்டாலும் சரி.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நமக்குப் பக்கத்து விருதுநகர்ச் சீமையில் தலைக்கூத்தல் என்று ஒரு பழக்கம் இருந்தது, இன்னும் முழுசாகப் போகவில்லை என்றும் சொல்கிறார்கள். படுத்த படுக்கையான பெரியவர்களுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீரைக் கொடுத்துக் கதையை முடித்துவிடுவது. நம் தெருக்களில் அது இல்லை என்று நாம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்கிறோம். ஆனால் கிடையில் கிடக்கிற மனுஷியின் காதுபட, "அல்லாஹ் சீக்கிரம் எடுத்துக்கிட்டா அவங்களுக்கும் நல்லது நமக்கும் நல்லது" என்று பேசுகிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். வேதனைக்காக மவுத்தை ஆசைப்படக் கூடாது, சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால் "வாழ்வு எனக்கு நல்லதாக இருக்கும்வரை வாழவை, மரணம் நல்லதாக இருக்கும்போது எடுத்துக்கொள்" என்று கேளுங்கள் என்பதுதான் நபி (ஸல்) கற்றுக்கொடுத்தது. அதையும் நோயாளி தனக்காகக் கேட்க வேண்டும், அவருக்குப் பணிவிடை செய்து அலுத்துப்போன மருமகள் இல்லை. மருமகளைக் குறை சொல்லவில்லை, அவளுக்குக் கைமாற்ற ஓர் ஆளை ஏற்பாடு செய்யாத நம்மைச் சொல்கிறேன்.

சிகிச்சையை விடுவது கொலையா?

குடும்பங்கள் உடைவது இந்த மூன்றாவது காரியத்தில்தான். "மெஷினை வேண்டாம்னு சொன்னா வாப்பாவை நாமளே கொன்ன மாதிரி" என்று என் ராத்தா (அக்கா) அழுதது இன்னும் காதில் இருக்கிறது. ஆலிம்சாவிடம் கேட்டபோதுதான் விஷயம் தெளிந்தது.

நம் கடற்கரையில் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹப் (மார்க்கச் சட்டப் பிரிவு). அந்த மத்ஹபில் மருந்து செய்வது சுன்னத் (செய்தால் நன்மை), பொதுவாக வாஜிப் (கட்டாயம்) இல்லை. இதற்கு ஆதாரமாகச் சொல்லப்படுவது வலிப்பு நோய் வந்த பெண்ணின் ஹதீஸ். துவா கேட்டு வந்தவரிடம், பொறுத்துக்கொண்டால் சொர்க்கம், விரும்பினால் குணமாக துவா செய்கிறேன் என்று நபி (ஸல்) இரண்டு வழியைக் காட்டினார்கள். அவர் பொறுமையை எடுத்துக்கொண்டார், வலிப்பில் என் உடை விலகாமல் இருக்க மட்டும் துவா செய்யுங்கள் என்றார். குணமாகக்கூடிய நோய்க்கே இப்படி என்றால், குணமாகவே போகாத இடத்தில் மெஷினை வேண்டாம் என்பது எப்படித் தற்கொலையாகும்? (நிச்சயமாகக் காப்பாற்றக்கூடிய மருந்தை விடுவது வேறு கதை. சர்க்கரைக்கு இன்சுலினை நிறுத்திவிட்டு தவக்குல் (அல்லாஹ் மேல் பொறுப்பை விடுவது) என்று சொல்லக் கூடாது.)

எனக்கு இதைவிடப் பிடித்தது இன்னொரு ஹதீஸ். நபி (ஸல்) கடைசி நோயில் இருக்கும்போது வீட்டார் வாயில் மருந்தை ஊற்றுகிறார்கள். வேண்டாம் என்று நபி (ஸல்) சைகை காட்டுகிறார்கள், "நோயாளிக்கு மருந்து என்றாலே பிடிக்காது, அதான்" என்று நினைத்து வீட்டார் ஊற்றிவிடுகிறார்கள். தெளிந்ததும் நபி (ஸல்), வேண்டாம் என்று நான் சொல்லவில்லையா என்று கேட்டு, அந்த மருந்தை அறையில் இருந்த எல்லோரும் குடிக்க வேண்டும் என்றார்கள், அங்கே இல்லாமலிருந்த அப்பாஸ் (ரலி) அவர்களைத் தவிர. "அவங்களுக்கு என்ன தெரியும், நாம பார்த்துப்போம்" என்று நாம் சொல்வதற்கும் அன்றைக்கு வீட்டார் நினைத்ததற்கும் என்ன பெரிய வித்தியாசம்?

இன்றைய மருத்துவத்துக்குப் பொருத்தமான தீர்ப்புகளும் இருக்கின்றன. 1981-ல் குவைத் மாநாட்டில் வந்த இஸ்லாமிய மருத்துவ நெறிமுறை, டாக்டரின் வேலை உயிரைக் காப்பது, சாவதை இழுத்தடிப்பது இல்லை என்ற கருத்தைச் சொன்னது, கூடவே உயிரைப் போக்க டாக்டர் கை நீட்டக் கூடாது என்றும் சொன்னது. சவூதி ஃபத்வா வாரியம் ஹிஜ்ரி 1409-ல் கொடுத்த தீர்ப்பில், நம்பகமான மூன்று டாக்டர்கள் பலன் இல்லை என்று முடிவு செய்தால் இதயத்தை மறுபடி இயக்கும் முயற்சி தேவையில்லை என்று இருக்கிறது. ரியாதில் வேலை பார்க்கிற மகன் ஒத்துக்கொள்ளவில்லையென்றால் இதைச் சொல்லிப் பாருங்கள், என் காக்காவிடம் வேலை செய்தது.

மூளைச்சாவு விஷயத்தில் மட்டும் கருத்து வேறுபாடு இருக்கிறது. 1986-ல் அம்மானில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் (இஸ்லாமியச் சட்டம்) அகாடமி, மூளை முழுசாகவும் திரும்பாத வகையிலும் நின்றுவிட்டால் அதை மரணமாகவே எடுத்து மெஷினை எடுக்கலாம் என்றது. 1987-ல் மக்காவில் கூடிய இன்னொரு ஃபிக்ஹ் சபை, மெஷினை எடுக்கலாம், ஆனால் இதயமும் மூச்சும் நின்ற பிறகுதான் மையித்தாக (இறந்தவராக) கணக்கு என்றது. பாகப்பிரிவினைக்கும் இத்தாவுக்கும் (கணவரை இழந்த பெண் காத்திருக்கும் காலம்) இந்த வித்தியாசம் முக்கியம். மெஷினை எடுக்கலாமா என்ற கேள்விக்கு இரண்டு பேருடைய பதிலும் ஒன்றுதான்.

தொடங்காமல் விடுவதைவிடத் தொடங்கியதை நிறுத்துவதுதான் மனசுக்குப் பாரம். நியாயம் இரண்டுக்கும் ஒன்றுதான், ஆனால் கை நடுங்கும். அதனால்தான் முன்னாலேயே பேசச் சொல்கிறேன்.

எப்படிப் பேச ஆரம்பிப்பது

நோயாளியிடம் கேளுங்கள். இதைச் சொல்வதற்கு ஒரு கட்டுரையா என்று தோன்றலாம், ஆனால் வாப்பாவிடம் எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. நோயின் பெயரையே மறைத்து, "வயித்துல கட்டி" என்று சொல்லி வைத்திருந்தோம். அவருக்குத் தெரிந்தேயிருந்தது, எங்களுக்காக அவரும் நடித்திருக்கிறார்.

மவுத்தைப் பற்றிப் பேச வாய் வராதென்றால் வஸிய்யத்திலிருந்து (உயிலிலிருந்து) தொடங்குங்கள். சொல்வதற்கு ஏதாவது இருக்கிற முஸ்லிம் அதை எழுதிவைக்காமல் இரண்டு இரவு தூங்கக் கூடாது என்பது ஹதீஸ், அதனால் யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். யாருக்குக் கடன் தரணும், யாருடைய நகை அமானத்தாக (நம்பி ஒப்படைத்ததாக) இருக்கிறது, விட்ட நோன்பு எத்தனை, மூன்றில் ஒரு பங்குக்குள் எதற்காவது கொடுக்க ஆசையா என்று கேட்டுக்கொண்டே வந்து, அந்த ஓட்டத்தில் கேளுங்கள். நான் உம்மாவிடம் கேட்டது இப்படித்தான்: "உம்மா, மூச்சுக்கு மெஷின் வைக்கணும்னு மதுரையில சொன்னா வைக்கட்டுமா? இல்ல வீட்டுலயே இருக்கீங்களா?" உம்மா என்னைப் பார்த்து, "ஒங்க வாப்பாவைக் கட்டிப்போட்ட மாதிரி என்னையும் கட்டிப்போடாதீங்கடா" என்றார்கள். ஐசியூவில் குழாயைப் பிடுங்காமல் இருக்க வாப்பாவின் கையைக் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். நான்கு வருஷமாக உம்மா அதை மனசுக்குள் வைத்திருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதைப் பேசும்போது வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளையும் போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் இருப்பவருக்கு உடம்பு பாரம், வெளியில் இருப்பவருக்கு மனசு பாரம், அந்தப் பாரத்தில்தான் "எல்லாம் செய்யுங்க" என்று அங்கிருந்து சத்தம் வருகிறது. அது பாசம்தான், திமிர் இல்லை. நோயாளியின் குரலிலேயே ஒருமுறை அவர்கள் கேட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும்

"பிழைப்பாரா?" என்று கேட்காதீர்கள். எந்த டாக்டரும் "நம்ம கையில என்ன இருக்கு, பார்ப்போம்" என்றுதான் சொல்வார். இந்த மெஷின் நோயைக் குணமாக்குமா, அல்லது குணமாகும்வரை தாங்குமா, அல்லது இரண்டும் இல்லையா என்று கேளுங்கள். மெஷினிலிருந்து வெளியே வந்து வீட்டுக்கு நடந்து வர வாய்ப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். உங்க வாப்பாவாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள், சிலர் இதற்கு மட்டும் உண்மையைச் சொல்வார்கள். நிமோனியாவோ விஷக்கடியோ விபத்தோ என்றால் வென்டிலேட்டர் உயிர் காக்கிற கருவி, யோசிக்காமல் போடுங்கள். முற்றிப்போன புற்றுநோயில் அதே கருவிக்கு வேறு அர்த்தம். நெஞ்சை அழுத்துவதும் அப்படித்தான், முற்றிய நோயில் விலா எலும்பு முறிவதுதான் மிச்சமாகும்.

காகிதம்

2011-ல், பல வருஷம் நினைவில்லாமல் கிடந்த நர்ஸ் அருணா ஷான்பாக் வழக்கில் உச்ச நீதிமன்றம் முதல்முறையாகக் கதவைக் கொஞ்சம் திறந்தது. 2018 மார்ச் 9-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியமாக இறப்பதும் அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவில் (உயிர் வாழும் உரிமை) அடங்கும் என்று சொல்லி, பலன் இல்லாத சிகிச்சை எனக்கு வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைப்பதை ஏற்றுக்கொண்டது. ஆனால் மாஜிஸ்திரேட் முன்னால் கையெழுத்து வேண்டும் என்று வைத்ததால் நடைமுறையில் செய்வது ரொம்பக் கஷ்டமாக இருந்தது. 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தினார்கள். இப்போது இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி போதும். உங்களுக்குப் பேச முடியாமல் போனால் யார் முடிவெடுப்பது என்று பெயர்களை எழுதலாம், ஒன்றுக்கு மேற்பட்டவர்களையும் போடலாம். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

அப்படி எழுதிவைக்காமலேயே ஐசியூவில் இருந்தால்? குடும்பம் சம்மதித்து, சிகிச்சை தரும் டாக்டரோடு ஐந்து வருஷ அனுபவமுள்ள இரண்டு நிபுணர்கள் சேர்ந்த குழு ஒன்று, மாவட்ட மருத்துவ அதிகாரி நியமிக்கும் டாக்டர் இருக்கிற இரண்டாவது குழு ஒன்று, இரண்டும் ஒத்துக்கொண்டால் நிறுத்தலாம். ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அப்புறம் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் மட்டும் போகும். எல்லா ஆஸ்பத்திரியும் இதற்குப் பழகியிருக்காது, "உச்ச நீதிமன்ற வழிமுறைப்படி குழு கூட்டுங்கள்" என்று நீங்கள்தான் எழுதிக் கேட்க வேண்டியிருக்கும்.

உருப்படியான யோசனை ஒன்று: வஸிய்யத் எழுதுகிற அன்றைக்கே அதே நோட்டரியிடம் இதையும் முடித்துவிடுங்கள். எழுதும்போது "கொல்லச் சொல்லவில்லை, வலிக்கு மருந்தும் தண்ணீரும் துப்புரவும் கடைசிவரை வேண்டும்" என்று ஒரு வரி சேருங்கள், ஆலிம்சா சொல்லி நாங்கள் சேர்த்தது.

பம்ப் பண்ணிக்கொண்டே வருவது

நம் ஊரில் நிஜத்தில் நடப்பது இந்தக் குழு எல்லாம் இல்லை. காசு தீர்ந்ததும், அல்லது ஆஸ்பத்திரியே கையை விரித்ததும், "எங்கள் சொந்தப் பொறுப்பில் கூட்டிப்போகிறோம்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆம்புலன்ஸில் ஓர் ஆள் பையை அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுக்க, மானாமதுரை, பரமக்குடி தாண்டி நூறு கிலோமீட்டருக்கு மேல் வந்து, வீட்டு ஹாலில் இறக்கி, யாசீன் ஓதத் தொடங்கியதும் அந்த ஆள் குழாயை எடுத்துவிட்டுப் போய்விடுவார். முன்பின் தெரியாத அந்தப் பையன் கையில் அந்த நிமிஷத்தை விட்டுவிடுகிறோம். மூச்சுத் திணறலுக்கு ஒரு மருந்து கிடையாது, பக்கத்தில் டாக்டர் கிடையாது. வீட்டில் மவுத்தாக வேண்டும் என்ற ஆசையில் தப்பே இல்லை. அப்படியென்றால் குழாய் போடுவதற்கு முன்னாலேயே, வலிக்கும் திணறலுக்கும் மருந்து எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். அதையும் தாண்டிவிட்டால், அந்தக் குழாயை ஆஸ்பத்திரியில் டாக்டரே முறைப்படி எடுக்கட்டும், நீங்கள் உள்ளே போய்ப் பக்கத்தில் நிற்க அனுமதி கேளுங்கள்.

வீட்டில் பார்ப்பது

மார்ஃபினுக்குப் பயப்படாதீர்கள். போதைதானே, ஹராமில்லையா என்று கேட்பார்கள். டாக்டர் சொன்ன அளவில் வலிக்குக் கொடுப்பது மருந்து, செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தே என்ற ஹதீஸ் இங்கே நேராகப் பொருந்தும். சரியான அளவில் படிப்படியாக ஏற்றினால் அது சாவை முன்னுக்கு இழுப்பதில்லை. கலிமா சொல்லத் தெளிவு வேண்டும், தூங்கிக்கொண்டே இருக்கக் கூடாது என்று நோயாளி விரும்பினால் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவை அதற்கேற்ப வைப்பார்கள். மலச்சிக்கல் பெரும்பாலும் வரும், அதற்கும் முதல் நாளிலிருந்தே மருந்து வாங்குங்கள், இதை யாரும் சொல்லாமல் நாங்கள் பட்டோம். மார்ஃபின் சாதாரண மெடிக்கலில் கிடைக்காது. 2014-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரிகளில் வாங்குவது முன்பைவிடச் சுலபம், எங்கே கிடைக்கும் என்று ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலோ, மதுரையில் பார்த்த புற்றுநோய் டாக்டரிடமோ கேளுங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் கிடையில் இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கிற ஏற்பாடும் உண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள்.

சாப்பாடு பெரிய சண்டை. "சாப்பிடாமலே போறாங்களே" என்று வருகிற மாமிமார்கள் எல்லாம் வாயில் திணிப்பார்கள். கடைசி நாட்களில் உடம்பு பசியைக் கேட்காது, திணித்தால் மூச்சுக்குழாயில் போகும். நோயாளிகளைச் சாப்பிடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள் என்று திர்மிதியில் ஒரு ஹதீஸே இருக்கிறது. ஜம்ஜம் தண்ணீரைப் பஞ்சில் நனைத்து உதட்டில் தடவுங்கள், மடமடவென்று ஊற்றாதீர்கள். ஆனால் மூக்குக்குழாய் வழி உணவு ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்தால், அதை நிறுத்துவது மெஷினை நிறுத்துவது போல இல்லை. சாப்பாடும் தண்ணீரும் அடிப்படைப் பராமரிப்பு என்பது பல ஆலிம்களின் கருத்து, கேட்காமல் கை வைக்காதீர்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவையுங்கள், தண்ணிமெத்தை வாங்குங்கள். இங்கே ஜமாஅத்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மையித்துக்கு ஃப்ரீசர் பெட்டி வாங்கி வைத்திருக்கிறோம், உயிரோடு இருப்பவருக்கு ஒரு தண்ணிமெத்தையும் ஆக்ஸிஜன் மெஷினும் பைத்துல்மாலில் (ஜமாஅத்தின் பொது நிதியில்) வாங்கி வைக்க எவ்வளவு ஆகும்? நோயாளிகளின் வலியைத் தணித்துப் பராமரிக்கிற சேவை கோழிக்கோட்டில் 1993-ல் சின்னதாகத் தொடங்கியது, இன்றைக்குக் கேரளா முழுக்க ஊர்க்காரர்களே பணம் போட்டு, வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறார்கள்.

தொழுகையை விட வேண்டாம், கண்ணசைவிலாவது தொழலாம், தண்ணீர் முடியாதென்றால் தயம்மும் (மண்ணால் செய்யும் சுத்தம்). சகராத் (உயிர் பிரிகிற) நேரத்தில் கால் குளிரும், மூச்சு விட்டு விட்டு வரும், தொண்டையில் கரகரப்புக் கேட்கும், பார்க்கிற நமக்குத்தான் அது அதிகப் பயம். கலிமாவை மெதுவாக ஒருமுறை காதில் சொல்லுங்கள், சொல்லிவிட்டார் என்றால் திரும்பத் திரும்பச் சொல்லித் தொந்தரவு செய்யாதீர்கள், ஃபிக்ஹ் கிதாபுகளிலேயே அப்படித்தான் இருக்கிறது. பத்துப் பேர் சுற்றி நின்று கத்துகிறது நமக்குப் பழக்கமாகிவிட்டது. வேண்டாம்.

மகன் விமானம் ஏறிவிட்டான்

கடைசியாக இது. "பையன் பிளேன் ஏறிட்டான், வர்ற வரைக்கும் மெஷினை எடுக்காதீங்க." இதை எத்தனை ஐசியூ வாசலில் கேட்டிருப்பேன். ஜனாஸாவை (இறந்தவரை அடக்கம் செய்வதை) தாமதிக்கக் கூடாது என்று தெரிந்த நாம், அந்தத் தாமதத்தை நோயாளியின் உடம்பின் மேலேயே ஏற்றிவைக்கிறோம். பிள்ளையை மையித்து முகத்தைப் பார்க்கக் கூப்பிடாதீர்கள், பேச முடிகிறபோதே கூப்பிடுங்கள், டாக்டர் "இனி மருந்து இல்லை" என்று சொன்ன அந்த வாரமே டிக்கெட் போடச் சொல்லுங்கள்.

என் காக்கா உம்மா மவுத்தாவதற்கு இரண்டு மாதம் முன்னால் வந்து பன்னிரண்டு நாள் இருந்தார். பேரீச்சம்பழம் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்தார், உம்மா அதைத் தொடாமல் தொதல் என்கிற இனிப்பை வாங்கிவரச் சொல்லி, பாதித் துண்டைச் சப்பிவிட்டு மீதியை அவர் வாயில் வைத்தார்கள். அவருக்குத் தலைமுடி கொட்டியதற்குத் திட்டினார்கள், வாங்கிய கடனை எழுதவைத்தார்கள். மவுத்தானபோது அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அஸருக்குப் பிறகு மையவாடியில் நாங்கள் கபரில் இறக்கும்போது தம்பி மகன் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான், அந்தப் பக்கம் காக்கா குளியலறையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், அவருடைய ரூமில் ஆறு பேர், அழ வேறு இடமில்லை.